கடலூர் நிறுவனம், புதுச்சேரியில் கிளை: புதிய வரிச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: மஞ்சக்குப்பம்

கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைனும் தள மேற்பார்வையும் செய்து தரும் பங்குதாரர் நிறுவனம். பங்குதாரர் மூவர். மூவரும் வேலை பார்ப்பவர்கள், லாபத்தில் சமபங்கு. பதிவு கடலூரில், ஜிஎஸ்டி எண் 33-ல் (தமிழ்நாடு) தொடங்குவது. 2025-26இல் மொத்த வரவு 1.10 கோடி. மூலதன வட்டியும் பங்குதாரர் சம்பளமும் கழிப்பதற்கு முன் லாபம் 51.60 லட்சம். மூலதனம் மூவருக்கும் சேர்த்து 30 லட்சம், வட்டி 12 சதவீதம். ஒவ்வொருவரும் மாதம் 60,000 எடுக்கிறோம். பார்ட்னர்ஷிப் டீடு 2016இல் எழுதியது.

வேலையில் மூன்றில் ஒரு பங்கு புதுச்சேரி தளங்கள். ரெட்டியார்பாளையம் பக்கம் வாடகைக்கு இடம் எடுத்து இரண்டு பொறியாளர்களை உட்கார வைக்கலாம் என்று யோசனை. மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்.

பங்குதாரர் நிறுவனத்துக்கு வருமான வரி 30 சதவீதம், கம்பெனிக்கு 22 சதவீதம் என்பதால் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுவது லாபமா? பங்குதாரர் சம்பளத்துக்கு வந்த 10 சதவீத டிடிஎஸ்ஸை (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) மாதாமாதம் பிடிக்க வேண்டுமா, ஆண்டு முடிவில் பிடித்தால் போதுமா? புதுச்சேரியில் 20 லட்சம் வரவு வரும் வரை தனி ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்கிறார்கள், அது சரியா?

பதில்: திருப்பாதிரிப்புலியூர்

முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் நான் சொல்கிறேன். ஜிஎஸ்டியை எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்வது நல்லது.

கம்பெனி விஷயத்தில் விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பணம் உள்ளேயே தங்குமா, வெளியே வருமா என்பதில்தான் கணக்கு மாறும். உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

இப்போதைய அமைப்பில் 51.60 லட்சத்தில் வட்டி 3.60 லட்சம் போக புத்தக லாபம் 48 லட்சம். 2024-25 முதல் நடைமுறையில் உள்ள பங்குதாரர் சம்பள வரம்பின்படி முதல் 6 லட்சத்துக்கு 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது, மீதிக்கு 60 சதவீதம். 5.40 லட்சமும் 25.20 லட்சமும் சேர்ந்து 30.60 லட்சம் சம்பளம் கழிக்கலாம். நிறுவனத்தில் மிஞ்சுவது 17.40 லட்சம். 30 சதவீதமும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 என்றால் வரி 5,42,880. பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் சம்பளம் 10.20, வட்டி 1.20, ஆக 11.40 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரிமுறையில் 12 லட்சத்துக்குள் தள்ளுபடி கிடைக்கும், வரி பூஜ்யம். பங்குதாரர் சம்பளம் தொழில் வருமானமாகத்தான் கணக்கிடப்படும், ஆகவே 75,000 நிலைக் கழிவு இவர்களுக்கு இல்லை. மிச்ச லாபத்தை அவரவர் பங்காக எடுத்தால் மறுபடி வரி கிடையாது. மொத்தச் சுமை 5.43 லட்சத்தோடு முடிந்தது.

கம்பெனியாக மாற்றினால், 30 லட்சமும் பங்கு முதலாக மாறுவதாக வைத்துக்கொள்வோம். இயக்குநர் ஒவ்வொருவருக்கும் 12.75 லட்சம் சம்பளம் கொடுத்தால், நிலைக் கழிவு போக 12 லட்சம், வரி இல்லை. மூவருக்கும் 38.25 போக கம்பெனி லாபம் 13.35 லட்சம். நீங்கள் சொல்லும் 22 சதவீதம் உண்மையில் 25.168. 10 சதவீத சர்சார்ஜ் லாபம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உண்டு, அதற்கு மேல் செஸ். வரி 3.36 லட்சம். இதோடு நிறுத்தினால் கம்பெனி 2 லட்சம் மிச்சம் என்று தோன்றும். மீதி 9.99 லட்சத்தை டிவிடெண்டாக எடுத்தால் ஒவ்வொருவர் வருமானமும் 15.33 லட்சமாக ஏறும், 12 லட்சத் தள்ளுபடி போய்விடும், ஒருவருக்கு வரி 1,14,348. மூவருக்கும் 3.43 லட்சம். கூட்டினால் 6.79 லட்சம்.

ஆக வருகிற லாபத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு இப்போதைய அமைப்பே மேல். அடுத்த ஐந்தாறு ஆண்டு லாபத்தை உள்ளேயே வைத்து, கட்டடமோ சோதனைக் கூடமோ வாங்கப் போகிறீர்கள் என்றால் கம்பெனி யோசிக்கத் தக்கது. மாற்றும்போது மூலதன ஆதாய வரி வராமலிருக்க நிபந்தனைகள் உண்டு: எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் கம்பெனிக்குப் போக வேண்டும், பழைய மூலதனக் கணக்கின் விகிதத்திலேயே பங்குகள் வர வேண்டும், பங்கு தவிர வேறு பயன் எதுவும் யாருக்கும் போகக் கூடாது, மொத்த வாக்குரிமையில் 50 சதவீதமாவது 5 ஆண்டு பழைய பங்குதாரர்களிடமே இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் முதலீட்டாளரை உள்ளே கொண்டுவந்து பாதிக்கு மேல் கொடுத்தால் அன்று விட்ட வரி திரும்பி வரும்.

எல்எல்பிக்கும் (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்புள்ள அமைப்பு) பங்குதாரர் நிறுவனத்துக்கும் வருமான வரி விகிதம் ஒன்றுதான். வரிக்காக அதற்கு மாற வேண்டியதில்லை. மூவரில் ஒருவர் தவறுக்கு மற்றவர் வீடு வரை பொறுப்பு வருவதைத் தடுக்க மாறலாம். உங்களைப் போலத் தளத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது டீடு 2016 என்ற வரிதான். அந்தக் காலத்துப் பத்திரங்கள் பலவற்றில் "முதல் 3 லட்சத்துக்கு 1.50 லட்சம் அல்லது 90 சதவீதம்" என்று பழைய சட்ட வரம்பையே எண்ணோடு எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் சட்டம் கூடுதலாக அனுமதித்தாலும் பத்திரம் அனுமதிக்காது. உங்களுக்கு 30.60 பதில் 29.70 லட்சம்தான் கழியும், 28,080 ரூபாய் வீணாக வரி. "பங்குதாரர்கள் அவ்வப்போது முடிவு செய்யும் தொகை" என்று மட்டும் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், தொகையோ கணக்கிடும் முறையோ இல்லாததால் முழுச் சம்பளமும் மறுக்கப்படலாம். துணைப் பத்திரம் எழுதுங்கள். எழுதும் தேதியிலிருந்துதான் செல்லும், பின்தேதியிட்டு ஏப்ரலுக்கு இழுக்க முடியாது. அதில் எண்ணைப் போடாமல் "வருமான வரிச் சட்டம் அவ்வப்போது அனுமதிக்கும் உச்ச அளவு, மூவருக்கும் சமமாக" என்று எழுதி, மூவர் பெயரையும் வேலை செய்யும் பங்குதாரர் என்று குறிப்பிடுங்கள்.

அதே பத்திரத்திலேயே டிடிஎஸ் சிக்கலையும் தீர்க்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் பங்குதாரருக்குத் தரும் சம்பளம், போனஸ், கமிஷன், வட்டி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20,000 தாண்டினால் முழுத் தொகைக்கும் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். லாபப் பங்குக்கும் மூலதனத்திலிருந்து எடுக்கும் தொகைக்கும் இல்லை. பிடிக்க வேண்டிய நாள், பணம் கொடுக்கும் நாளோ கணக்கில் வரவு வைக்கும் நாளோ, எது முந்தியதோ அது. மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் அதே. உங்கள் 60,000 பேரேட்டில் "சம்பளம்" என்று இருந்தால் மாதம் 6,000 பிடித்து அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். "எடுப்பு" என்று இருந்தால் அப்போது வேண்டாம், ஆனால் மார்ச் 31இல் முழுச் சம்பளமும் வரவாகும்போது மொத்தமாகப் பிடிக்க வேண்டும். ஆண்டு முழுக்க எடுப்பு என்று எழுதிவிட்டு ஆடிட்டின்போது அதையே சம்பளமாக மாற்றுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

மாதம் 60,000 நிலையான சம்பளம், மீதி மார்ச் 31இல் கணக்கிட்டு வரவு என்று எழுதிவிடுவது சுத்தம். ஒருவருக்கு ஆண்டில் 72,000 பிடித்தம் ஆகியிருக்கும், மார்ச்சில் மீதிச் சம்பளம் 3 லட்சம், வட்டி 1.20 லட்சத்துக்கு 42,000. மார்ச் பிடித்தத்துக்கு ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. அதற்குள் ஆடிட் முடியாது என்பதால் மார்ச் கடைசி வாரத்தில் உத்தேச லாபம் போட்டுவிடுங்கள். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் மறுக்கப்படும்: 34.20 லட்சத்தில் 10.26 லட்சம் நிறுவன வருமானத்தில் ஏறி, வரி 3.20 லட்சம் கூடும். பங்குதாரர் தன் கணக்கில் அந்த வருமானத்தைக் காட்டி வரித் தாக்கலும் செய்திருந்தால், ஆடிட்டர் சான்றிதழ் கொடுத்து இதிலிருந்து தப்ப வழி உண்டு. ஆனாலும் வட்டி போகும்.

1961 வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், 2026-27இல் இரண்டு சட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. 2026 மார்ச் 31 வரை வரவு வைத்ததற்கான பிடித்தம், அதை ஏப்ரலில் கட்டினாலும், 1961 சட்டத்தின் 194T. ஏப்ரல் 1 முதல் வரவு வைப்பது 2025 சட்டத்தின் 393ஆம் பிரிவு. 2025-26க்கான ஆடிட்டும் தாக்கலும் பழைய சட்டப்படியே நடக்கும், 2026-27க்கான முன்வரி புதிய சட்டப்படி. சலான் எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

பதில்: தவளக்குப்பம்

மூன்றாவது கேள்விக்கு நேரான பதில்: சரியில்லை. 20 லட்சம் என்பது ஒரு மாநிலத்துக்கு அல்ல, ஒரு பான் எண்ணுக்கு. உங்கள் வரவு ஏற்கெனவே 1.10 கோடி. புதுச்சேரியில் அலுவலகம் திறந்து அங்கிருந்து ஒரு பில் போட்டாலும் 34-ல் (புதுச்சேரி) தொடங்கும் எண் வேண்டும். (பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் இன்னமும் 20 லட்சம் என்பது வேறு கதை. அந்த 20 லட்சம்தான் வாய்மொழியாகச் சுற்றி உங்களிடம் வந்திருக்கிறது.)

ஆனால் புதுச்சேரியில் வேலை செய்வதற்கே பதிவு வேண்டும் என்பதும் தவறு. அசையாச் சொத்து தொடர்பான சேவைக்கு, பொறியாளர் சேவையும் சேர்த்து, வழங்கல் இடம் என்பது அந்தச் சொத்து இருக்கும் இடம். கடலூர் அலுவலகத்திலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டைக் கட்டடத்துக்கு டிசைன் கொடுத்தால் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையேயான ஜிஎஸ்டி) போட்டுக் கடலூர் எண்ணிலேயே கட்டலாம். வாடிக்கையாளர் கடலூர்க்காரராக இருந்தாலும் கட்டடம் புதுச்சேரியில் இருந்தால் ஐஜிஎஸ்டிதான். இங்கேதான் பெரும்பாலோர் முகவரியைப் பார்த்துத் தவறான வரி போடுகிறார்கள்.

இதில் நம் பகுதிக்கே உரிய தலைவலி ஒன்று. ஆரோவில்லைப் பேச்சில் புதுச்சேரி என்போம், அதன் பெரும் பகுதி விழுப்புரம் மாவட்டம். கோட்டக்குப்பம் தமிழ்நாடு. பாகூர் பக்கம் போனால் ஒரு தெரு அங்கே, அடுத்த தெரு இங்கே. பின்கோடு 605 என்று தொடங்குவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது இரண்டு பக்கமும் உண்டு. நிலப் பத்திரம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்று பார்த்து, வேலை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே மாவட்டத்தையும் வட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் 34தான். வரி மாற்றிப் போட்டுவிட்டால் சரியான வரியை மறுபடி கட்ட வேண்டும். அதற்கு வட்டி இல்லை. தவறாகக் கட்டியதை ரீஃபண்ட் கேட்க, சரியான வரி கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டு உண்டு. ஆனால் அதுவரை பணம் இரட்டிப்பாக முடங்கிக் கிடக்கும்.

அலுவலகம் திறந்த பிறகு நிலைமை மாறும். வாடகை ஒப்பந்தம், இரண்டு பொறியாளர், கணினி என்றால் அது நிலையான அமைவிடம். பதிவுக்கு வாடகை ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் மின் கட்டண ரசீது போன்ற ஓர் ஆவணமும் வேண்டும். ஆதார் கைரேகை சரிபார்ப்புக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வரலாம், அழைக்கப்பட்ட பங்குதாரர் அன்று ஊரில் இருக்க வேண்டும். பில் வரிசை எண்ணை 34க்குத் தனியாகத் தொடங்குங்கள். புதுச்சேரி அலுவலகம் புதுச்சேரித் தளத்துக்குப் போட்டால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய, மாநில ஜிஎஸ்டி). ஆரோவில் தளத்துக்குப் போட்டால் ஐஜிஎஸ்டி. எந்த அலுவலகம் வேலையைச் செய்ததோ அந்த எண்ணில் பில் போட வேண்டும், வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

வாடகைக்கு விடுகிறவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தால் 2024 அக்டோபர் 10 முதல் ரிவர்ஸ் சார்ஜில் (சேவை பெறுபவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். மாதம் 20,000 வாடகை என்றால் 3,600, ரொக்கப் பேரேட்டிலிருந்து. அதே மாதம் இன்புட் (கட்டிய வரியை உங்கள் ஜிஎஸ்டியில் கழிப்பது) எடுத்துக்கொள்ளலாம். சுயபில் 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

இரண்டு எண் வந்ததும் அவை சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி நபர்கள். கடலூரில் டிசைன் செய்து புதுச்சேரி அலுவலகம் வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் இடையில் ஒரு வழங்கல் இருக்கிறது. பெறும் அலுவலகத்துக்கு முழு இன்புட் உரிமை இருப்பதால் பில்லில் போடும் மதிப்பே சந்தை மதிப்பாக ஏற்கப்படும், ஊழியர் சம்பளத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. பலர் கவனிக்காமல் விடுவது ஐஎஸ்டி பதிவு (பொதுச் சேவைகளின் இன்புட்டை அலுவலகங்களுக்குப் பகிர்வதற்கானது). ஆடிட்டர் கட்டணம், டிசைன் சாஃப்ட்வேர் சந்தா போன்ற பொதுச் சேவைகளின் பில் ஒரே எண்ணில் வந்து, பயன் இரு அலுவலகத்துக்கும் என்றால், 2025 ஏப்ரல் 1 முதல் அதைப் பகிர ஐஎஸ்டி என்று மூன்றாவதாக ஒரு பதிவு கட்டாயம். ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதிக்குள் அதற்கான ஜிஎஸ்டிஆர்-6 தாக்கல்.

மூன்றில் ஒரு பங்கு வேலைக்கு இவ்வளவு தாக்கல் தேவையா என்று முதலில் யோசியுங்கள். கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாடிக்கையாளரின் தளக் கொட்டகையில் உங்கள் பொறியாளர் பகலில் இருந்தால் அது உங்கள் அமைவிடம் ஆகாது. என் கருத்தில் இன்னும் ஓராண்டு கடலூர் எண்ணிலேயே ஓட்டலாம்.

மஞ்சக்குப்பம்

இருவருக்கும் நன்றி சார். டீடை எடுத்துப் பார்த்தேன், பழைய 3 லட்ச வரம்புதான் எண்ணோடு இருக்கிறது. டோட்டல் ஸ்டேஷன், லெவல் போன்ற நில அளவைக் கருவிகளைக் காரில் கொண்டுபோகிறோம். மதிப்பு 4 லட்சம் வரும். விற்பனை இல்லை, இதற்கும் ஏதாவது காகிதம் வேண்டுமா?

தவளக்குப்பம்

வேண்டும். முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறுகிறது. சொந்தப் பயனுக்குப் போனாலும் 50,000க்கு மேல் மதிப்புள்ள பொருள் மோட்டார் வாகனத்தில் மாநிலம் கடந்தால் இ-வே பில் (பொருள் கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) தேவை. டெலிவரி சலான் ஒன்று போட்டு, காரணத்தில் "சொந்தப் பயன்" என்று தேர்ந்தெடுங்கள். திரும்பும்போதும் இன்னொன்று. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் வரை விலக்கு என்ற பழக்கத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். நாளைக்குப் புதுச்சேரி எண் வாங்கி, கருவியை நிரந்தரமாக அங்கே வைத்தால் அது பில்லோடு மாற்ற வேண்டிய வழங்கல் ஆகிவிடும்.

பதில்: லாஸ்பேட்டை

திருப்பாதிரிப்புலியூர் சொன்ன கணக்கில் வரி சரி, ஆனால் கையிருப்பு நெருக்கடி அதில் தெரியவில்லை. உங்கள் வாடிக்கையாளர்களில் பில்டர்களும் கம்பெனிகளும் ஆண்டுக்கு 50,000 தாண்டினால் உங்கள் பில்லில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். வரவில் பாதி அப்படி வந்தாலே 5.50 லட்சம் பிடித்தம், நிறுவனத்தின் மொத்த வரியே 5.43 லட்சம். அதற்கு மேல் பங்குதாரர் டிடிஎஸ் 3.42 லட்சம் ரீஃபண்ட் வரும் வரை வெளியே. ஆண்டுத் தொடக்கத்திலேயே குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு நிறுவனத்தின் பேரில் விண்ணப்பியுங்கள். வரி உங்கள் மொத்த வரவில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்பதைக் கடந்த ஆண்டுக் கணக்கோடு காட்டினால் கேட்பதில் நியாயம் இருக்கும். சான்றிதழ் கிடைத்த தேதியிலிருந்துதான் செல்லும் என்பதால் டிசம்பரில் விண்ணப்பித்துப் பயனில்லை.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானது) இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம், அதில் நீங்கள் தாராளமாக வருவீர்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராத வாடிக்கையாளர், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவைத் தன் கணக்கில் கழிக்க முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தால் மார்ச் மாதத்தில் அவர்களின் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார். நீங்கள் வரைபட வேலையை வெளியே கொடுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இதே விதி உங்கள் மேல் பாயும்.

ஒப்பந்தத்தில் "ஜிஎஸ்டி உட்பட" என்று எழுதாதீர்கள், "அப்போதைய விகிதப்படி ஜிஎஸ்டி தனி" என்று எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22இல் விகிதங்கள் மாறியபோது சேவை முடிந்த நாள், பில் நாள், பணம் வந்த நாள் மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்து விகிதம்தான் செல்லும் என்பது பலருக்குப் பில் போட்ட பிறகே தெரிந்தது. உங்கள் 18 அப்போது மாறவில்லை. சிமெண்ட் 28லிருந்து 18 ஆனது. அதற்கு முன் போட்ட மதிப்பீடுகளை இன்னும் வாடிக்கையாளரிடம் வைத்திருந்தால் திருத்திக் கொடுங்கள்.

வைசியாள் வீதி

நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். 9 அறை விடுதி, எல்லா அறையும் 7,500க்குள். ஜிஎஸ்டி 5 சதவீதத்துக்குப் பதில் 18 போட்டு இன்புட் எடுக்க வழி உண்டா? பழுதுபார்ப்பு வேலைக்கு நிறைய இன்புட் வருகிறது.

லாஸ்பேட்டை

வழி இல்லை. ஒரு நாள் அறை வாடகை 7,500 வரை இன்புட் இல்லாத 5 மட்டுமே. பழுதுபார்ப்பு மதிப்பீட்டில் வரியையும் செலவாகவே சேர்த்துப் போடுங்கள். பண்டிகை நாளில் ஏதாவது ஓர் அறையை 7,500க்கு மேல் விட்டால் அதற்கு 18, இன்புட் உண்டு. ஆனால் பொதுச் செலவில் விகிதாசாரப்படி திருப்ப வேண்டிய கணக்கு ஒவ்வொரு மாதமும் வரும். அந்தச் சில நாளுக்காக அது தேவையா என்று பாருங்கள். உங்களிடம் தங்கும் கடலூர், சென்னை நிறுவனங்கள் இன்புட் கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்காது என்றே சொல்லுங்கள். விடுதிக்கு வழங்கல் இடம் புதுச்சேரி, அவர்கள் எண் 33.

திருப்பாதிரிப்புலியூர்

மஞ்சக்குப்பம் சார், பழைய வரம்பு எண்ணோடு இருக்கிறது என்றால் துணைப் பத்திரத்தை இந்த மாதமே முடியுங்கள். கையெழுத்தாகும் தேதி வரை பழைய வரம்பு, அதற்குப் பிறகே புதியது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த 28,080இல் ஒரு பங்கு போகும். பத்திரத்தின் நகலை வங்கிக்கும் கொடுங்கள். அடுத்த மாதச் சம்பளத்தை "எடுப்பு" தலைப்பிலிருந்து "பங்குதாரர் சம்பளம்" தலைப்புக்கு மாற்றி, 60,000க்கு 6,000 பிடித்து 54,000 அனுப்புங்கள். டான் எண் (டிடிஎஸ் பிடிப்பவருக்கான எண்) இல்லையென்றால் அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.